மனநோயுற்றார்க்குத் தொழில் தேடித் தருதலும் தம்மமே

(ஈஜிபுராவில் பௌர்ணமி வழிபாட்டின் பின் நிகழ்த்திய அறவுரை)





மூன்று பௌர்ணமிகளுக்கு முன், இதே இடத்தில் வழிபாடு முடிந்து யாவரும் கலைந்த பின்னர், ஓர் அம்மையார் மட்டும் வாயிற்படியண்டை நின்றிருந்தார். யாதம்மா வேண்டுமென வினவினோம். அவர் கூறியதாவது:

"ஐயா, என் மகனுக்கு இரண்டாண்டுகளாக மாத்திரை தவறவில்லை. பேச்சும் நடையும் சீராயிருக்கின்றன. ஆயினும் வேலை கொடுப்பார் ஒருவருமில்லை. நடுவில் நான்காண்டு எங்கிருந்தாய் என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் கதவை மூடுகிறார்கள். பொய் சொன்னாலோ சீலம் கெடுகிறது. பரித்தம் ஓதி அவன் கையில் கட்ட ஒரு நூலாவது தாருங்கள்."

நாம் நூல் தந்தோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மறைக்காமல் உங்கள்முன் கூறிவிட்டே மேற்செல்ல வேண்டும்.

நாம் இந்தச் சீவரக் கொடியின்கீழ் வந்து நின்று அறம் பேசுமுன், பல ஆண்டுகள் ஒரு நூலாலையில் உழைத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். நூற்கும் பகுதியில் நம்மோடு ஒரு தொழிலாளி இருந்தார். நிறைந்த பாபின்களை எடுத்து வெறும் பாபின்களை மாட்டும் வேலை அவருடையது. கை மிக விரைவு, குடிப்பழக்கம் இல்லை. ஒரு மழைக்காலத்தில், தொடர்ந்து பல வாரம் இரவு ஷிப்ட் பார்த்தபின், தம்மை எவரோ பெயர் சொல்லி வைவதாகக் கூறத் தொடங்கினார். பிறகு எந்திரத்தைப் பார்த்துப் பேசினார். வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். நான்கு திங்கள் கழித்து, வேலைக்குத் தகுதியுடையார் என்னும் மருத்துவரின் சீட்டோடு திரும்பி வந்தார். அவரைச் சேர்த்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று ஒரு தாள் சுற்றி வந்தது. எந்திரத்தருகே பித்தனை நிறுத்தலாகாது என்று அதில் எழுதியிருந்தது. எல்லாரும் கையொப்பமிட்டனர். நாமும் இட்டோம்.

அதே பகுதியில் குடித்துவிட்டுத் தள்ளாடி வருவோர் சிலர் இருந்தனர். அவர்களை மேஸ்திரியின் கண்ணில் படாமல் பஞ்சு மூட்டைகளின் பின்னே படுக்க வைத்து, அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்தோம். குடித்து வந்தவனை உள்ளே மறைத்து வைத்தோம். மருந்துண்டு வந்தவனை வெளியே நிறுத்தி வைத்தோம். இதுவே நமது நீதியாயிருந்தது. அம்மனிதர் பல நாள் ஷிப்ட் சங்கு ஊதும் வேளையில், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வாயிலுக்கு எதிரே வந்து நின்றார். எங்களோடு உள்ளே நுழைபவர்போல் நின்று, வாயில் மூடியபின் போவார். பின்னர் ஒருநாள் முதல் அவர் வரவில்லை. என்ன ஆனார் என்று தேடிச் சென்றவர் எங்களில் ஒருவருமில்லை.

இவ்வறவுரை அந்தக் கையொப்பத்திற்கு நாம் செலுத்தும் கடன் என்று கொள்ளுங்கள்.

நிற்க. இவ்விஷயத்தில் பகவன் புத்தர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

விநய பிடகத்திலே கக்கர் என்னும் பிக்கு ஒருவரின் வரலாறு வருகிறது. அவர் மனம் பேதலித்தவர். உபோசத நாளில் சங்கம் கூடியபோது அவர் வரவில்லை. ஒருவர் வராவிடில் சங்கம் நிறைவுபெறாதென்பது விதி. என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. ததாகதர், கக்கர் சில வேளை உபோசதத்தை நினைவுகூர்வார், சில வேளை நினைவுகூரார். சில வேளை வருவார், சில வேளை வாரார் என்பதைச் சங்கம் ஏற்று, அவர் வந்தாலும் வாராவிடினும் குற்றமின்றிச் செயல் நடத்தலாம் என்று அனுமதித்தார். இதன் பொருளை ஆழ்ந்து நோக்குங்கள். கக்கரைச் சங்கத்தினின்றும் நீக்கவில்லை. அவர் வரும் நாளில் அமர இடம் உண்டு. வாராத நாளுக்குத் தண்டனை இல்லை. விதியை மனிதனுக்கு ஏற்ப வளைத்தாரேயன்றி, மனிதனை விதியின்கீழ் இட்டு நசுக்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. கக்கருக்கு நோய் தெளிந்தது. தெளிந்தபின்னும் மற்றப் பிக்குகள் அவர் பித்துற்றிருந்த காலத்துச் செய்தவற்றைச் சொல்லிச் சொல்லிக் குற்றஞ்சாட்டினர். நான் அப்போது என் வசத்தில் இல்லை, எனக்கு நினைவில்லை என்று அவர் சொல்லியும் கேட்டாரில்லை. அதனைக் கேள்வியுற்ற பகவன், அமூள்ஹ விநயம் என்னும் தீர்ப்பை ஏற்படுத்தினார். பித்துத் தெளிந்தவர் சங்கத்தின்முன் மும்முறை வேண்ட, சங்கம் அவருக்கு அத்தீர்ப்பை வழங்கும். அதன்பின் பழைய செயலைச் சொல்லி அவர்மேல் வழக்காட எவருக்கும் உரிமையில்லை. நினைவோடு செய்துவிட்டுப் பித்தென்று நடிப்பவனுக்கு இத்தீர்ப்புச் செல்லாதென்றும் விதித்தார். கருணையும் விழிப்பும் ஒருங்கே நின்றதைக் காண்க.

பட்டாசாரையின் கதையை நீங்கள் அறிவீர்கள். கணவனைப் பாம்புக்கும், மக்களிருவரைப் பருந்துக்கும் ஆற்றுக்கும், பெற்றோரையும் உடன்பிறந்தானையும் இடிந்த வீட்டுக்கும் ஒருசேரப் பறிகொடுத்து, ஆடை நழுவியதும் அறியாமல் சிராவத்தித் தெருக்களில் அலைந்தவள். ஊரார் அவள்மேல் மண்ணும் கல்லும் எறிந்தனர். ஜேதவனத்தில் அவளைத் தடுக்க முனைந்தோரை விலக்கி, பகவன் அவளைச் சகோதரியென விளித்து, நினைவை மீட்டுக்கொள்ளச் செய்தார். இவ்வளவைத்தான் நாம் வழக்கமாகச் சொல்லுகிறோம். ஆனால் அதன் பின்பாகமே இன்று நமக்கு வேண்டுவது. தெளிந்தவளை மூலையில் உட்கார வைத்து உணவு மட்டும் அளிக்கவில்லை. அவளுக்குச் சங்கத்தில் பணி இருந்தது. விநயம் அறிந்த பிக்குணிகளுள் அவளே முதல்வி என்று பகவனே பாராட்டும் அளவுக்கு அவள் உயர்ந்தாள். பல பெண்களுக்கு ஆசிரியையானாள். ஒருகாலத்தில் தன் ஆடையையும் அறியாதிருந்தவள், பின்னொரு காலத்தில் ஒழுக்க நூலைக் காக்கும் பொறுப்பில் நின்றாள்.

சிகாலருக்கு உபதேசித்தபோது பகவன் எஜமானனுக்கு ஐந்து கடமைகள் கூறினார். ஆளின் வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது கவனித்தல், அரிய பண்டங்களைப் பகிர்தல், உரிய வேளையில் ஓய்வளித்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் படியுங்கள். மனநோயுற்றவர் ஒருவரை வேலையில் நிலைக்கச் செய்வதற்கு இன்று மருத்துவர் சொல்வதெல்லாம் ஏறக்குறைய அம்மூன்றில் அடங்கும்.

இனி இக்கால அறிவு யாது கூறுகிறதென்று நோக்குவோம்.

நமது ஈஜிபுராவிலிருந்து ஓசூர் சாலைப் பக்கம் சென்றால் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் உளது. மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையாயிருந்து, 1954-இல் அதனோடு அகில இந்திய மனநலக் கழகம் தோன்றி, 1974-இல் இரண்டும் இணைந்து இன்றைய நிலையமாயிற்று. இந்நிலையம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 0.8 பேர் அப்போது கடும் மனநோயால் வருந்தினர். அதாவது 125 பேருக்கு ஒருவர். நம் சந்துகளில் நூற்றிருபத்தைந்து பேர் வாழ எத்தனை வீடு வேண்டும்? ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையன்று.

முன்னாளில் மருத்துவர்களும் பெற்றோரும் ஒரு வரிசை வைத்திருந்தனர். முதலில் நோய் முற்றும் நீங்க வேண்டும், பின் பல ஆண்டு பயிற்சி, அதன்பின்னரே வேலை. இவ்வரிசையில் பெரும்பாலோர் மூன்றாம் படியை எட்டியதேயில்லை. 1990-க்குப் பின் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்னும் இருவர் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர். வேலை செய்ய விரும்பும் எவரையும் தகுதியற்றவரென ஒதுக்காமல், அவர் விரும்பும் தொழிலில், பிறர் பெறும் அதே கூலியில் விரைவில் அமர்த்துவது. மருத்துவரும் வேலை தேடித் தருபவரும் ஒரே குழுவாய் நிற்பது. வேலையில் அமர்ந்தபின் கைவிடாமல் காலவரையின்றித் துணைநிற்பது. இதுவே அவர்தம் முறை. இம்முறையை ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் சோதித்த முடிவு 2007-இல் வெளியாயிற்று. புதிய முறையில் துணைபெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் ஊதிய வேலையில் சேர்ந்தனர். பழைய பயிற்சி முறையிலோ 28 பேரே. மருத்துவமனையில் மீண்டும் சேர நேர்ந்ததும் முன்னவரிடத்தே குறைவாயிருந்தது. வேலை கொடுத்தால் நோய் முற்றும் என்று அஞ்சினோமே, அவ்வச்சத்திற்கு இது விடை.

இது அயல்நாட்டுக் கதையென்று தள்ளற்க. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், முதன்முறை நோய் கண்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். அவருள் ஆடவரில் பெரும்பாலோர் பத்தாண்டுகளின் பின்னும் ஏதேனும் ஒரு வேலையில் இருந்ததைக் கண்டனர். நம் மக்கள் வேலை செய்ய இயலாதவரல்லர். இடங்கொடுத்தால் செய்வர், இடங்கொடாதவர் நாமே.

பெங்களூருக்கும் இத்துறையில் நல்ல மரபு உண்டு. நிம்ஹான்ஸின் மறுவாழ்வுப் பிரிவில் ரொட்டி சுடுதல், தையல், மெழுகுவத்தி செய்தல் முதலிய தொழில்களைக் கற்பிக்கின்றனர். மெடிகோ பாஸ்டோரல் சங்கம் 1964-இல் இந்நகரிலேதான் தோன்றியது. ஆயினும் தொழில் கற்றவனுக்கு வேலை தர வேண்டியவர் மருத்துவர் அல்லர். பெயின்ட் மேஸ்திரி, தையற்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், கோரமங்களா அலுவலகங்களுக்குத் துப்புரவு ஆள் அனுப்புவோர் ஆகியோரே தர வேண்டும். அத்தொழில்களில் உள்ளோர் பலர் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறதென்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உட்கொண்டது. அரசுப் பணிகளில் ஒதுக்கிய நூற்றுக்கு 4 பங்கில், ஒரு பங்கு மனநோய், அறிவுவளர்ச்சிக் குறைபாடு முதலியவற்றை உடையோர்க்குப் பொதுவாக உரியது. அதற்குக் குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாதென்னும் சான்றிதழ் வேண்டும். பணியிலிருக்கும்போது குறைபாடு நேர்ந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. மத்திய ரிசர்வ் போலீசைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், மனநோயின் காரணமாக நிகழ்ந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடாகும் என்று தீர்ப்பளித்தது. அதனை வாசித்தபோது நமக்குக் கக்கரின் நினைவே வந்தது. சங்கத்தில் அன்று வழங்கிய நீதி, நாட்டின் நியாயாசனத்தில் 2021-இல் ஒலித்தது. எனினும் சந்துமுனைக் கடைக்காரரை இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. சட்டம் எட்டாத இடத்தில் தம்மம் நிற்க வேண்டும்.

இனி, செய்யத்தக்கன யாவை?

முதலாவது, வீட்டார்க்கு. வேலை கிடைத்துவிட்டதென்று மருந்தை நிறுத்தாதீர். தொழில் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றாகாது. தூக்கம் கெட்டால் நோய் மீளக்கூடும். ஆதலின் கூலி அதிகமென்று இரவு ஷிப்டில் தள்ளாதீர். எந்த வேலை விருப்பமென்று நோயுற்றவரையே முதலில் கேளுங்கள். நாம் தேர்ந்து கொடுக்கும் வேலையைவிட அவர் தேர்ந்த வேலையே நிலைக்கும்.

இரண்டாவது, வேலை கொடுப்போர்க்கு. முதலில் அரைநாள் வேலை கொடுங்கள். ஒருவரே வேலை சொல்லட்டும். நால்வர் நான்குவிதமாகச் சொன்னால் தெளிந்த மூளையும் குழம்பும். மாத்திரையால் காலையில் மந்தம் இருக்கலாம், கை நடுங்கலாம், நா வறளலாம். அவற்றைச் சோம்பலென்று எண்ணற்க. மாதம் ஒருநாள் மருத்துவமனைக்கு விடுங்கள். கூலியைக் குறைக்காதீர், செய்த வேலைக்கு உரிய கூலி தராமல் இரக்கம் காட்டுவது கருணையன்று, களவு.

மூன்றாவது, உடனுழைப்போர்க்கு. பட்டப்பெயர் வைத்தழைக்காதீர். ஒரு சொல்லால் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவரின் வழிவந்தோர் நாம். கைபட்ட குவளையைத் தனியே வைத்த கொடுமையை நம் பாட்டனார் அனுபவித்தனர். அந்த நாம் மற்றொருவனைப் பைத்தியமென்று சொல்லித் தனியே உட்கார வைத்து உண்பிப்போமாயின், எதைவிட்டு எங்கு வந்தோம்? 2013 ஜனவரியில் இவ்வீஜிபுராவிலேயே ஏழையர் குடியிருப்பு இடிக்கப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தெருவில் நின்றன. முகவரியற்றவனுக்கு வேலை இல்லையென்று சொல்லக் கேட்டவர் உம்மில் உண்டு. அந்த வலியை நினைவில் வையுங்கள்.

நான்காவது, நோயுற்று மீண்ட என் தம்பி தங்கையர்க்கு. அம்மையார் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கூறுகிறோம். பொய்யுரையாமை என்னும் சீலம், கேட்டவர்க்கெல்லாம் உள்ளத்தைத் திறந்து காட்டும்படி உம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. உடல்நலம் குன்றிச் சிகிச்சை பெற்றேன், இப்போது வேலைக்குத் தகுதியாயிருக்கிறேன் என்று சொல்வது உண்மையே. நோயின் பெயரை எவரிடம், எப்போது சொல்வதென்பது உமது உரிமை. உமது நோய்ச் செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. நல்லெண்ணமுள்ள எஜமானரிடம் சொன்னால் அரைநாள் வேலையும் மருத்துவ விடுப்பும் கேட்பது எளிது என்பதையும் எண்ணிப் பாரும். ஒரு வேலை போயிற்றென்றால் வாழ்வு போயிற்றென்று கருதாதீர். நோயில்லாதாரும் இந்நகரில் பத்து வேலை மாறுகின்றனர்.

ஐந்தாவது, நமது சங்கத்திற்கு. பேயோட்டுவோரிடமும் சங்கிலியிடுவோரிடமும் நம் பிள்ளைகளை ஒப்புவிக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட இயலாமல் 28 பேர் மாண்டதை மறவாதீர். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்ற மணிமேகலையின் வழியினர் நாம். அவசர வேளையில் அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலும் கன்னடத்திலும் ஆலோசனை பெறலாம். அவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

இறுதியாக, அம்மையாரின் மகனைப் பற்றி. நூல் தந்த மறுநாள் நாமும் அவ்விளைஞரோடு நடந்து சென்றோம். ஐந்து இடங்களில் இல்லையென்றனர். ஆறாவதாக, உம்முள் ஒருவரான பெயின்ட் மேஸ்திரி ஒருவர் ஏற்றுக்கொண்டார். மருந்தால் தலைசுற்றக்கூடுமென்று சாரத்தில் ஏற்றவில்லை. தரையில் நின்று சுவரைத் தேய்த்தல், பட்டி பூசுதல், வண்ணம் கலத்தல். காலை பத்து முதல் பகல் இரண்டு மணி வரை. மூன்றாம் வாரத்தில் இளைஞர் ஆறு நாள் வரவில்லை. வேறு ஆள் வைப்பதா என்று மேஸ்திரி நம்மைக் கேட்டார். கக்கரின் கதையை அவருக்குச் சொன்னோம். ஏழாம் நாள் இருவருமாய்ச் சென்று பார்த்தோம். மாத்திரையளவை மருத்துவர் மாற்றியதால் உறக்கம் மிகுந்திருந்தது, வெட்கத்தால் வெளிவரவில்லை. உன் பட்டித் தகடு அப்படியே இருக்கிறது, வா, என்றார் மேஸ்திரி. அவர் வந்தார். இன்றும் வேலையில் இருக்கிறார். நாளை என்னாகுமென்று நாம் அறியோம். நம் ஒவ்வொருவர் நாளையும் அத்தகையதே.

ஆலையிலே ஓர் இழை அறுந்தால் எந்திரத்தை நிறுத்துவதுமில்லை, பாபினை எறிவதுமில்லை. அறுந்த முனையைத் தேடியெடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்திலேயே மீண்டும் சேர்த்துவிடுவோம். நாளொன்றுக்கு நூறு முறை அதனைச் செய்த நமது கை, ஒரு மனிதனுக்கு அதனைச் செய்யத் தவறியது. உங்கள் கை தவறாதிருப்பதாக. அத்தகைய தாள் ஒன்று உங்கள் முன் சுற்றி வரும் நாளில், கையொப்பமிடாதீர்.

சர்வ ஜீவர்களும் நோயற்றிருப்பனவாக! நோயுற்றோர் தொழிலும் தோழமையும் பெறுவாராக!

சாது! சாது! சாது!